ஆணியில் தொங்கிய பட்டி

தண்ணீருக்கு அடியில் பொய் சொல்ல முடியும் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. காற்றுக் குழாயின் ரப்பரைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பவன் எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது? நான் சொல்லியிருக்கிறேன். இருபது அடி ஆழத்தில், இடுப்புக் கயிற்றை ஒரேயொரு தடவை இழுத்து, கலப்படமில்லாத ஒரு பொய். அன்றோடு என் இடது காது வேலையை விட்டு விலகிக்கொண்டது. அதிலிருந்து எனக்கு யாராவது அறிவுரை சொல்ல வந்தால், இடப்பக்கமாக உட்காரும்படி அன்பாகக் கேட்டுக்கொள்கிறேன்.

போன மாதம் கடலடியில் வேலை செய்யப் புதிதாக வந்த சுழியோடிகளான உங்கள் முன்னால் என்னைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அறிமுகம் செய்தவர், “யுத்த காலத்தில் பதினொரு மாதம் ஒரு நாள்கூடத் தண்ணீரில் இறங்க மாட்டேன் என்று சொல்லாதவர்” என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலைத் திருப்பித் தருவதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அது எனக்கு உரியதல்ல.

யுத்த காலத்தில் திருகோணமலையில் ஒரு தமிழன் செய்யக்கூடாத தொழில்களுக்கு ஒரு பட்டியல் போட்டால், சுழியோடி என்பது முதல் வரியில் வரும். சோதனைச் சாவடியில் “என்ன வேலை?” என்று கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் அரை மணித்தியாலம். “துறைமுகத்தில் கிளார்க்” என்று சொன்னால் அடையாள அட்டை காட்டிக்கொடுத்து ஒரு மணித்தியாலம். ஆகவே நான் எப்போதும் உண்மையே பேசினேன். நேர்மை என்பது பல வேளைகளில் நேரத்தை மிச்சம் பிடிக்கிற வழிதான்.

துறைமுகத்துக்குள் களவாக நீந்தி வருபவர்களைத் தடுக்க அந்த நாட்களில் தண்ணீருக்குள் சிறுவெடிகள் போடுவார்கள். அனுமதி வாங்கி இறங்கியவன், வாங்காமல் இறங்கியவன் என்கிற பேதம் வெடிக்குத் தெரியாது. எனவே ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் நேரம் எழுதி வாங்க வேண்டும். இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை வெடி இல்லை என்று.

எங்கள் பிரிவில் மூன்றே பேர். தலைவரை எல்லோரும் ‘பாஸ்’ என்போம்; கைவேலையில் மூத்தவரை இங்கே அப்படித்தான் அழைப்பது. சிங்களவர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். துறைமுகத்திலேயே பிறந்து வளர்ந்ததால் தமிழ் எங்களைப் போலவே கதைப்பார். ஏசும்போது மட்டும் சிங்களத்துக்கு மாறுவார், எங்கள் மனம் நோகக்கூடாது என்று. அடுத்தவன் பக்கத்துக் கடற்கரை ஊரான சல்லியைச் சேர்ந்தவன், எனக்குச் சம வயது. அவனைச் சல்லியான் என்போம். மூன்றாவது நான். புத்தகம் வாசிக்கிற குற்றத்துக்காக என்னை ‘வாத்தி’ என்று கூப்பிட்டார்கள். நாங்கள் ஒருவர் தண்ணீரில், ஒருவர் கயிற்றில், ஒருவர் மேலே ஆயத்த நிலையில். மூவர் இல்லாமல் ஆழ வேலை இல்லை.

எங்கள் கொட்டிலில் எழுதப்படாத ஒரு வழக்கம் இருந்தது. சுவரில் மூன்று ஆணிகள். ஒவ்வொன்றிலும் ஒருவருடைய பட்டி, அதாவது தண்ணீருக்குள் தாழ்வதற்கு இடுப்பில் கட்டுகிற ஈயக்கட்டிப் பட்டி, தொங்கும். காலையில் வந்ததும் பட்டியை எடுத்து, நாங்கள் உட்காருகிற வாங்கின்மேல் வைத்தால், இன்றைக்கு நான் இறங்குவேன் என்று அர்த்தம். ஆணியிலேயே விட்டுவிட்டால் இறங்க மாட்டேன். அவ்வளவுதான். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. மூக்கடைத்துத் தடிமனாக இருக்கலாம், தலைவலியாக இருக்கலாம், மனுசியோடு சண்டையாக இருக்கலாம், கெட்ட கனவாகவும் இருக்கலாம். பட்டியை ஆணியில் விட்டவர் அன்றைக்குக் கயிறு பிடிப்பார், தேத்தண்ணி போடுவார். மறுநாள் அதைப் பற்றிக் கதை இல்லை. இரண்டு பட்டி ஆணியில் இருந்தால் அன்றைக்கு ஆழ வேலையே இல்லை. கயிறு முறுக்கிக்கொண்டு இருப்போம்.

மேலிடத்துக்கு இந்த வழக்கம் எப்படியோ எட்டி, ‘இறங்காமைக்கான காரணம்’ என்று ஒரு நிரலோடு படிவம் அனுப்பினார்கள். முதல் நாள் சல்லியான் அதில் “கடல்” என்று எழுதினான். இரண்டாம் நாள் “நான்” என்று எழுதினான். படிவம் வருவது நின்றுவிட்டது.

இனி என் கதைக்கு வருகிறேன். ஒரு ஆனி மாதம் நகரத்தில் நிலைமை மோசமாகி, எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடுகள் எரிந்தன. நான் மனுசியையும் ஒன்றரை வயதுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, கிடைத்த லொறியில் ஏறிக் கொழும்புக்குப் போய்விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல நேரமில்லை என்று பல காலம் சொல்லிவந்தேன். நேரம் இருந்தது, முகம்தான் இருக்கவில்லை. போனவன் ஐந்து மாதம் திரும்பி வரவில்லை. சித்தப்பா வீட்டு முன்னறையில், பக்கத்து நூலகத்தில் இரவல் எடுத்த தடித்த ரஷ்ய மொழிபெயர்ப்பு நாவல்களை வாசித்துக்கொண்டிருந்தேன். அந்த நாவல்களில் ஒருவர் ஒரு பிழை செய்வார், பிறகு நானூறு பக்கம் குற்ற உணர்ச்சியோடு பனியில் நடப்பார். இங்கே திருகோணமலையில் இரண்டு பேர், மேலே ஆயத்தமாக நிற்க ஆளில்லாமலே, மூன்று பேருடைய வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள்.

கார்த்திகையில் திரும்பி வந்தேன். கொட்டில் வாசலில் நின்றேன். பாஸ் தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

“வாங்க தம்பி. தேத்தண்ணி குடிச்சாச்சோ?”

“இல்லை, பாஸ்.”

“அப்ப போட்டுக் குடி. எங்களுக்கும் போடு.”

அவ்வளவுதான். சல்லியான் கயிற்றுச் சுருளிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. “சீனி குறைவாப் போடு” என்று மட்டும் சொன்னான்.

நான் ஏச்சுக்கு ஆயத்தமாக வந்தவன். லொறியில் வரும்போதே பதில்களை எல்லாம் பாடமாக்கி வைத்திருந்தேன். கேள்வியே வரவில்லை. மௌனத்தில் ஒரு வாசகனை மூன்று மணித்தியாலம் விட்டுப் பாருங்கள், அதற்கு அவன் ஒரு அத்தியாயம் எழுதிவிடுவான். நானும் எழுதினேன். இவர்கள் என்னைக் கழித்துவிட்டார்கள். கேட்கக்கூடத் தகுதியற்றவன் என்று நினைக்கிறார்கள். அதற்கு ஒரு சாட்சியும் கிடைத்தது. ஆணியிலிருந்த என் பட்டியை எடுத்துப் பார்த்தேன். ஐந்து மாத உப்புக்காற்றில் அதன் கொளுக்கி துருப்பிடித்து இறுகியிருக்க வேண்டும். ஆனால் அது எண்ணெய் பூசப்பட்டு, சுகமாகத் திறந்து மூடியது. அப்படியென்றால் யாரோ அதைப் பாவித்திருக்கிறார்கள். என் இடத்துக்கு இன்னொருவன் வந்து போயிருக்கிறான்!

அன்றிலிருந்து நான் ஒரு முன்மாதிரி ஊழியனானேன். உலகத்தில் இதைவிட ஆபத்தான ஒரு பிராணி இல்லை. மற்றவர்கள் வருமுன்னமே வந்து பட்டியை வாங்கில் வைத்துவிடுவேன். நங்கூரச் சங்கிலி வேலையா, நான். கழிவு வாய்க்கால் வாயில் அடைப்பா, அதுவும் நான். காய்ச்சலோடு இறங்கினேன். மனுசியின் தாய் செத்த மறுநாள் இறங்கினேன். மனுசி அதை இன்றுவரை மறக்கவில்லை, நினைவூட்டவும் மறப்பதில்லை. பதினொரு மாதம் என் பட்டி ஒரு காலையிலும் ஆணியில் இருக்கவில்லை. மேலிடம் பாராட்டுக் கடிதம் தந்தது. பாஸ் அதை வாங்கி வாசித்து, ஒன்றும் சொல்லாமல் என் கையிலேயே திருப்பித் தந்தார். அதற்கும் நான் ஒரு அத்தியாயம் எழுதினேன்.

பிறகு அந்தக் கப்பல் வந்தது. வடக்குக்குச் சனங்களை ஏற்றிப் போகிற கப்பல். தரைப்பாதை மூடியிருந்ததால் அதுதான் அவர்களுக்கு வழி. துறைமுகத்துக்குள் திரும்பும்போது கப்பலைத் தள்ளுகிற சுழலியில் தடித்த நைலோன் கயிறு ஒன்று சுற்றிக்கொண்டது. பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை வெடி இல்லை என்று எழுதி வாங்கினோம். அதற்குள் கயிற்றை அறுத்தால் பிற்பகலில் கப்பல் புறப்படும்.

அன்றைக்கு எனக்கு மூன்றாம் நாள் தடிமன். தடிமனோடு ஒரு சுழியோடி இறங்கக் கூடாது என்பது உங்களுக்கு முதல் பாடமாகச் சொல்லித் தந்திருப்பார்கள்; மூக்கடைப்பு காதுக்குள் காற்றைப் போக விடாது, அமுக்கம் செவிப்பறையைக் கிழிக்கும். எனக்கும் அது முதல் பாடந்தான். விடிய மனுசி அவித்துத் தந்த கொத்தமல்லித் தண்ணியைக் குடித்தேன், மூக்கில் தைலத்தைத் தேய்த்தேன், பட்டியை வாங்கில் வைத்தேன். குரல் காட்டிக்கொடுக்கும் என்று அன்று காலை முழுவதும் வாய் திறக்கவில்லை. தலையை ஆட்டியே வேலை பார்த்தேன்.

“என்னடா வாத்தி, மௌன விரதமோ?” என்றான் சல்லியான். அவனுடைய பட்டியும் வாங்கில் இருந்தது. அவன் குரலும் அன்று கொஞ்சம் தடித்திருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். குற்ற உணர்ச்சி உள்ளவனுக்கு மற்றவன் குரல் கேட்பதில்லை.

பாஸ் கயிறு பிடித்தார். நான் இறங்கினேன். பத்தடியில் காது வலித்தது. மூக்கைப் பிடித்து ஊதினேன், திறக்கவில்லை. மேலே போயிருக்கலாம். போனால் ஓடினவன் மறுபடியும் ஓடுகிறான் என்று நினைப்பார்களே! இன்னும் பலமாக ஊதினேன், இன்னும் இறங்கினேன். சுழலிக்குக் கீழே போய்க் கத்தியைக் கயிற்றில் வைத்தேன். பத்து நிமிடம் அறுத்திருப்பேன். தலைக்குள் யாரோ துணி கிழித்தது போல ஒரு சத்தம். அதன் பிறகு காதுக்குள் குளிர்ந்த தண்ணீர் பாய்ந்தது. கப்பல் சுற்றத் தொடங்கியது. கப்பல் அசையவில்லை, நான்தான். எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. என் கையிலிருந்து நழுவிய கத்தி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தேன். அது பக்கவாட்டாக விழுவதுபோல் தெரிந்தது.

அப்போது கயிறு ஒரு தடவை இழுபட்டது. பாஸ் கேட்கிறார்: சுகமா?

சுகமென்றால் ஒரு இழுப்பு. தூக்கு என்றால் நாலு. நான் இரண்டு கையாலும் கயிற்றைப் பற்றியபடியே உடனே ஒரு இழுப்பு இழுத்தேன். சுகம்.

நான் சொன்ன பொய் இதுதான்.

அடுத்த கணம் கயிறு விடாமல் மேலே இழுக்கத் தொடங்கியது. நான் சுகம் என்று சொன்னபிறகும் என்னை மூட்டை தூக்குவதுபோலத் தூக்கினார்கள். மேலே வந்ததும் படகுத் தட்டில் விழுந்து காலைச் சாப்பாட்டையும் கொத்தமல்லித் தண்ணியையும் ஒன்றாகக் கக்கினேன். காதிலிருந்து இரத்தம். சல்லியான் என் முகமூடியைக் கழற்றினான்.

“சுகம் எண்டெல்லோ இழுத்தனான்” என்றேன். வெட்கக்கேடு, அந்த நிலையிலும் எனக்கு வாதாடத் தோன்றியது.

பாஸ் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: “சுகமா இருக்கிறவன் உடன பதில் சொல்ல மாட்டான். அவன் வேலையில இருப்பான். நான் இழுத்து, அவன் கத்தியை வைச்சு, கையை எடுத்து, பிறகுதான் பதில் வரும். நீ நான் கேட்டு முடிக்கிறதுக்கு முன்னம் சுகம் எண்டாய்.”

இருபத்தைந்து வருடம் இந்தத் தொழிலில் இருந்திருக்கிறேன். இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. உங்களில் ஒருவரிடம் “எப்படி, சரியா?” என்று கேட்கும்போது பதில் மின்னல்போல் வந்தால், தயவுசெய்து அவரைத் தூக்குங்கள்.

மேலே இறங்குதுறையில் கப்பலின் முகவர் நின்றார். கழுத்துப்பட்டி கட்டிய மனிதர். மணிக்கூட்டைக் காட்டினார். பதினொன்றாகப் பத்து நிமிடம் இருந்தது. நேரம் போதும், அடுத்த ஆளை இறக்குங்கள் என்றார். பாஸ் சல்லியானைப் பார்த்தார். கேட்கவில்லை, பார்த்தார்.

சல்லியான் மூக்கை உறிஞ்சினான். பிறகு தன் பட்டியை அவிழ்த்தான். அங்கே ஆணி இல்லை. படகின் கைபிடிக் கம்பியில் கொளுவிவிட்டான்.

முகவர் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பின்னால் நின்ற காவலர்களைத் திரும்பிப் பார்த்தார். “ரெண்டு பேருக்கும் ஒரே நாளிலயோ ஏலாமல் போனது?” என்றார், மெல்லிய குரலில். தமிழர் இருவர், வடக்குக்குப் போகும் கப்பல், ஓடாத சுழலி. அந்தக் காலத்தில் இந்த மூன்றையும் கூட்டினால் ‘நாசவேலை’ என்றுதான் விடை வரும். எனக்குக் காது போனது அப்போது மறந்தே போனது. சல்லியானுக்கு மூன்று பிள்ளைகள்.

பாஸ் எழும்பினார். ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்தார். தன் இடுப்பிலிருந்த பட்டியையும் அவிழ்த்து, சல்லியானின் பட்டிக்குப் பக்கத்தில் கொளுவினார்.

“ரெண்டு பேர் இல்லை, மூண்டு பேர்” என்றார். “இண்டைக்கு ஏலாது.”

“காரணம்? நான் என்னவென்று அறிக்கை கொடுக்கிறது?”

“எங்கட பிரிவில காரணம் கேக்கிறதில்லை. நான் பொறுப்பு. என்ர பேரை எழுதுங்கோ.”

அந்த மனிதர் எழுதினார். பாஸ் எழுத்துப் பிழை வராமல் தன் பெயரைச் சொல்லிக் கொடுத்தார். பிறகு விசாரணை வந்தது, பாஸ் இரண்டு தடவை போய் வந்தார். என்ன கேட்டார்கள் என்று எங்களுக்குச் சொல்லவேயில்லை. எங்களை யாரும் கூப்பிடவில்லை.

பெரியாஸ்பத்திரிக்குப் போக வாகனம் வரும்வரை கொட்டிலில் காதில் பஞ்சோடு கிடந்தேன். சல்லியான் கத்தத் தொடங்கினான். அவனுக்கு என்னைவிடத் தடிமன் கூடவாக இருந்தது இப்போதுதான் தெளிவாகக் கேட்டது.

“உன்னாலதானடா! பதினொரு மாசமா நீ ஒரு நாள் பெல்டை ஆணியில விட்டாயோ? விட்டால்தானே நாங்களும் விடலாம். போன மாசம் என்ர சின்னவனுக்குக் காய்ச்சல், நித்திரையே இல்லாமல் வந்து சங்கிலிக்கு இறங்கினனான். ஏன்? வாத்தியாரின்ர பெல்ட் வாங்கில கிடக்கு. நான் மட்டும் ஆணியில விட்டால் நான் ஆர்? பஞ்சியனோ, வேலைக்கள்ளனோ?”

நான் அதை யோசித்ததே இல்லை. என் கணக்கை நான் தீர்ப்பதாக நினைத்துக்கொண்டு, எங்கள் மூவருக்கும் பொதுவாக இருந்த ஒரு சுகத்தை நான் ஒருவனே தின்று தீர்த்திருந்தேன்.

“நான் ஓடிப்போனவன்” என்றேன். “அஞ்சு மாசம் நீங்கள் ரெண்டு பேரும் என்ர வேலையையும் செய்தனீங்கள். வந்த பிறகு ஒருத்தரும் ஒரு சொல் கேக்கேல்ல. வேற ஆளையும் போட்டிருந்தனீங்கள்…”

“வேற ஆளோ?” பாஸ் நிமிர்ந்தார். “ஆர்?”

“என்ர பெல்டை ஆரோ பாவிச்சிருக்கினம். கொளுக்கிக்கு எண்ணெய் போட்டிருந்தது.”

சல்லியான் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்; அச்சில் போடுவதற்கில்லை. “கிழமைக்கு ஒருக்கா எண்ணெய் போட்டது நானடா, நீ வந்தால் கொளுக்கி இறுகிக் கிடக்கும் எண்டு! என்ர வீட்டுத் தேங்காயெண்ணெய்.”

பாஸ் எனக்குப் பக்கத்தில் வாங்கில் இருந்தார். பொறுமையாகக் கேட்டார்: “நீ போகேக்க உன்ர பெல்ட் எங்க இருந்தது?”

“ஆணியில.”

“அஞ்சு மாசமும்?”

“ஆணியிலதான்.”

“ஆணியில இருக்கிற பெல்டைப் பற்றி எங்கட கொட்டிலில ஆராவது கதைக்கிறதோ?”

கொழும்பிலிருந்து வந்த நாளிலிருந்து நான் தண்டனை என்று நினைத்துச் சுமந்த மௌனம், எங்கள் வழக்கம்தான். ஒரு நாளைக்குச் செய்வதை அவர்கள் எனக்காக ஐந்து மாதத்துக்கு நீட்டியிருந்தார்கள். நான் ஒருபோதும் வெளியே போகவேயில்லை. மறுபடி உள்ளே வருவதற்காகப் பதினொரு மாதம் சுவரை இடித்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கு இப்போது பதினாறு கேள்விகளோடு உடற்தகுதிப் படிவம் இருக்கிறது என்று அறிந்தேன். எல்லாவற்றுக்கும் “இல்லை” என்று ஒரே நேர்கோடாகப் போட்டுவிட்டு இறங்குகிறீர்கள் என்றும் அறிந்தேன். படிவத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவன் தன்னைத் தானே கண்காணிக்கிற வேலையைப் படிவம் செய்யாது, பயமும் செய்யாது. ஏலாது என்று சொன்ன பிறகும் தனக்கு இங்கே இடம் இருக்கிறது என்று நம்புகிறவன்தான் ஏலாது என்று உரிய நேரத்தில் சொல்லுவான். பட்டினிக்காரன் பந்தியில் உட்கார்ந்த மாதிரி, இடம் போய்விடும் என்று நினைப்பவன் எழும்பவே மாட்டான், வயிறு வெடித்தாலும். என்னை எழுப்பிவிட்ட அந்த இரண்டு பேருக்கும் நான் இன்னும் நன்றி சொல்லி முடியவில்லை. அதன் பிறகு நான் இறங்கவில்லை. கயிறு பிடிப்பவனாகவே பதினாலு வருடம் இருந்தேன். என் கையிலிருந்த கயிற்றில் ஒருவரும் சேதப்படவில்லை. பொய் எப்படி இழுபடும் என்று என் கைக்குத் தெரியும்.

மறுநாள் கடற்படைச் சுழியோடி ஒருவரை இரவல் கேட்டு மேலே நிறுத்திக்கொண்டு பாஸ் இறங்கினார். சல்லியான் மூக்கை உறிஞ்சியபடி கயிறு பிடித்தான். முக்கால் மணித்தியாலத்தில் கயிறு முழுதும் அறுபட்டுச் சுழலி வெளித்தது. பிற்பகலில் கப்பல் புறப்படும் என்றார்கள்.

ஆனால் எனக்கு மனம் ஆறவில்லை. ஒரு குற்ற உணர்ச்சியைப் பறித்தால் உடனே இன்னொன்றைத் தேடிக்கொள்கிற சுபாவம் எனக்கு. என்னால் ஒரு கப்பல் சனம் ஒரு நாள் தவித்துப் போனதே என்று, காதில் கட்டோடு துறைமுக வாசலுக்குப் போனேன். அங்கே பெட்டிகளும் சாக்குகளுமாக நூறு பேர்வரை காத்திருந்தார்கள். தகரப் பெட்டியின்மேல் இருந்து பிள்ளைக்குப் பாண் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவைத் தெரிவுசெய்து, அவருக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நான்தான் அந்தச் சுழியோடி, எனக்குத் தடிமன், நான் மறைத்தேன், ஆகவே நேற்றுப் போகவேண்டிய கப்பல் என்னால்தான் போகவில்லை, மன்னிக்க வேண்டும்.

அவர் பாண் பிய்ப்பதை நிறுத்தி, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நாங்கள் இதில வந்திருந்து இண்டைக்கு ஒன்பதாம் நாள், தம்பி” என்றார். “மற்ற எட்டு நாளும் ஆருக்குத் தடிமன்?”